வெயில் பார்க்கும் சார்

சென்னையில் அடுக்குமாடிக் குடியிருப்பு என்று ஒன்று இருந்தால் அதில் இவர் ஒருவர் இருப்பார். ஓய்வு பெற்றவர். "என்ன சார், சௌக்கியமா?" என்று கேட்டால், "எங்க சார், எட்டே முக்காலுக்கு வந்துட்டிருந்தது இப்ப ஒன்பதரைக்குத்தான் எட்டிப் பாக்குது" என்பார். பால்காரரைச் சொல்லவில்லை, பால்கனி வெயிலைச் சொல்கிறார்.

நம் வீட்டுக்கு வந்தால் உட்கார மாட்டார். ஹாலில் நின்று செல்போனைத் தூக்கிப் பிடிப்பார். "முந்நூறு லக்ஸ். வெளியில உச்சி வெயில்ல ஒரு லட்சம். உங்க கண்ணு எப்படியோ சரிக்கட்டிக்குது, செடி என்ன பண்ணும்?" ஜன்னலோரம் நெடுநெடுவென்று வளர்ந்த மிளகாய்ச் செடியை என் மனைவி பெருமையாகக் காட்டினாள். வெளிறிய தண்டைத் தடவிப் பார்த்தவர், "இது வளர்த்தி இல்லம்மா, பட்டினி. வெளிச்சத்தைத் தேடி ஓடுது" என்றார், துக்கம் விசாரிக்கும் குரலில். தக்காளி, கத்தரி, மிளகாய்க்கெல்லாம் ஆறு மணி நேரமாவது நேர்வெயில் வேண்டுமாம். கீரைக்கு நாலு போதும். மணிபிளான்ட் ஹாலிலேயே இருக்கலாம். "நிழல்ல வளரும்னுதான் சொன்னேன், பீரோவுக்குப் பின்னால வளரும்னு சொல்லலை."

சென்னை 13 டிகிரி வடக்கில் இருக்கிறது. அதனால் ஏப்ரல் கடைசியில் சூரியன் உச்சந்தலையைத் தாண்டி வடக்கே போய், ஆகஸ்ட் நடுவில்தான் தெற்கே திரும்புகிறது. கூடவே அவருடைய தொட்டிகளும் தெற்கு பால்கனியிலிருந்து ஹால் வழியாக வடக்கு பால்கனிக்குப் போய்த் திரும்பும். மகள் கல்யாணத்துக்குச் சித்திரையில் நல்ல முகூர்த்தம் என்று ஜோசியர் சொன்னபோது, "அது தொட்டி மாத்துற சமயமாச்சே" என்று இழுத்தாராம். மாமி பார்த்த பார்வையில் தேதி உறுதியானது.

மொட்டை மாடியிலும் அவருக்குச் சில தொட்டி மல்லி உண்டு. அங்கே மூன்றாவது மாடி அம்மாள் உலர்த்தும் போர்வையின் நிழல் விழுவதுதான் பல வருஷ வழக்கு. "பூ வைக்கிற செடிம்மா, ரெண்டு மணி நேரம் மறைச்சா மொட்டே வைக்காது." அசோசியேஷன் கூட்டத்தில் லிஃப்ட் பழுதைவிட இதுதான் அதிக நேரம் பேசப்பட்டது.

போன அக்னி நட்சத்திரத்தில் மாடித் தக்காளியின் பூவெல்லாம் உதிர்ந்தது. பச்சை நிழல்வலை கடையில் தீர்ந்துபோயிருந்தது. பதினோரு மணிக்கு மூன்றாவது மாடிக் கதவைத் தட்டினார்.

"ஏம்மா, இன்னிக்குப் போர்வை துவைக்கலையா?"