பரிவே இல்லாத பரிவு நரம்பு

ராத்திரி பதினொரு மணி. தெருமுனையில் ஒரு நாய் உங்களைப் பார்த்துப் பல்லைக் காட்டுகிறது. நெஞ்சு திக்திக்கென்று அடிக்கிறது, உள்ளங்கை நசநசக்கிறது, கண் பாப்பா விரிகிறது, சற்றுமுன் உள்ளே போன பரோட்டா செரிக்க ஆளில்லாமல் அப்படியே கிடக்கிறது. இத்தனை அமளியையும் கிளப்பிவிடுகிற நரம்புக் கூட்டத்துக்குப் பாடப்புத்தகம் வைத்திருக்கும் பெயர் பரிவு நரம்பு மண்டலம். பரிவாம்! நாய் போனபிறகு நெஞ்சைத் தட்டிக் கொடுத்து, பரோட்டாவைக் கவனிக்கிற நல்லவருக்குப் பெயர் எதிர்ப்பரிவு. கொள்ளைக்காரனுக்கு அன்பழகன் என்று பெயர் வைத்துவிட்டு, காயத்துக்குக் கட்டுப்போட வந்தவரை அன்பழகனின் எதிரி என்று கூப்பிடுவதுபோல.

தமிழில் பெயர்த்தவர்கள்மேல் பழி போட முடியாது. ‘சிம்பதெட்டிக்’ என்று வந்ததை யோக்கியமாகத்தான் பெயர்த்தார்கள். மூலப்பத்திரத்திலேயே வில்லங்கம். பத்திரம் எழுதியவர் காலன். எமன் இல்லை, ரோமாபுரியில் கொடிகட்டிப் பறந்த இரண்டாம் நூற்றாண்டுக் கிரேக்க வைத்தியர். (எமனுடைய பெயரோடு வைத்தியம் பார்த்தவர் என்று நாம் சிரிக்கலாம், அவருக்குத் தமிழ் தெரியாது.)

காலன் முதலில் பெர்கமம் ஊரில் கிளாடியேட்டர்களுக்குக் காயம் தைத்தவர். மனிதப் பிணத்தை அறுக்க அன்றைய ரோமில் வழியில்லை என்பதால் பன்றியையும் குரங்கையும் அறுத்தே உடம்பைப் படித்தார். நரம்பெல்லாம் உள்ளே துளையுள்ள குழாய், அதில் ஓர் உயிர்க்காற்று ஓடுகிறது, அதனால் ஓர் உறுப்புக்கு நோவு வந்தால் இன்னொன்றும் கூடவே வருந்துகிறது என்பது அவர் கணக்கு. கிரேக்கத்தில் ‘சிம்பதியா’ என்றால் கூட வருந்துவது. பங்காளி வீட்டு இழவுக்கு நாமும் தலை முழுகுகிறோமே, அந்த மாதிரி. இரக்கம் என்ற அர்த்தமெல்லாம் அங்கே முக்கியமே இல்லை.

காலனுக்குக் கூட்டம் சேர்ப்பதில் அலாதிப் பிரியம். கத்துகிற பன்றி ஒன்றைக் கட்டிப்போட்டு, கழுத்தில் குரல்வளைக்குப் போகிற மெல்லிய நரம்பை இறுக்கினால் பன்றி வாயைத் திறக்கும், சத்தம் வராது. ரோமின் பெரிய மனிதர்கள் வாய்பிளந்து பார்ப்பார்கள். ஒருமுறை அப்படி ஆரம்பிக்கும் நேரத்தில் அலெக்சாந்தர் என்ற தத்துவவாதி எழுந்து, “கண்ணால் காண்பதை நம்பலாம் என்று முதலில் ஒப்புக்கொண்டுவிட்டோமா?” என்ற பாணியில் ஒரு கேள்வி போட்டார். காலன் கோபித்துக்கொண்டு எழுந்து போய்விட்டார். அன்றைக்கு அந்த அரங்கில் பரிவு நரம்பு யாருக்கு வேலை செய்ததோ இல்லையோ, காலனுக்கு நன்றாகவே செய்திருக்கும்.

கண்ணால் காண்பதைப் பற்றிய கேள்வி அவ்வளவு அசட்டுத்தனமும் இல்லை. ஏனென்றால் கழுத்தில் அக்கம்பக்கமாக ஓடுகிற இரண்டு வெவ்வேறு நரம்புகளைக் காலன் ஒரே நரம்பு என்று எழுதிவைத்தார். ஒன்று வேகஸ், இன்னொன்று நம் பரிவு நரம்பு. இரண்டையும் பாகம் பிரிக்க ஆயிரத்து முந்நூறு வருஷத்துக்குமேல் ஆயிற்று. வேகஸ் என்றால் லத்தீனில் ஊர்சுற்றி. நமக்கு அது வேகம் என்று காதில் விழும். ஆனால் இதயத்துக்கு பிரேக் போடுவது அதன் வேலை. இந்தக் குடும்பத்தில் ஒருவருக்காவது பெயர் பொருந்தியிருக்கக் கூடாதா!

1664-இல் ஆக்ஸ்ஃபோர்டுக்காரர் தாமஸ் வில்லிஸ் மூளையைப் பற்றி ஒரு பெரிய புத்தகம் போட்டார். படம் போட்டவர்களில் ஒருவர் கிறிஸ்டோபர் ரென், பின்னாளில் லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டியவர். வில்லிஸ் நம் ஆளுக்கு ‘விலாவிடை நரம்பு’ என்று பெயர் வைத்தார். சுமாரான பெயர்தான், ஆனால் பொய் இல்லை. அதோடு விட்டிருக்கலாம்.

விடவில்லை. டென்மார்க்கில் பிறந்து பாரிசில் குடியேறிய வின்ஸ்லோ 1732-இல் காலனின் பழைய சொல்லைத் தூசி தட்டி எடுத்து, ‘பெரிய சிம்பதெட்டிக்’ என்று மகுடம் சூட்டினார். சூட்டிய ஜோரில் வேகசுக்கு ‘நடு சிம்பதெட்டிக்’, முக நரம்புக்குச் ‘சின்ன சிம்பதெட்டிக்’ என்று பெரியண்ணன், நடுவண்ணன், சின்னத்தம்பி வரிசையே போட்டார். மற்ற இருவரும் பிற்பாடு கழன்றுகொள்ள, பெரியண்ணன் மட்டும் மாட்டிக்கொண்டார். இதே வின்ஸ்லோ, ஆள் செத்துவிட்டாரா என்பதை எப்படி உறுதியாகச் சொல்வது என்று 1740-இல் ஓர் ஆய்வுரையும் எழுதினார். உயிரோடு புதைத்துவிடுவார்களோ என்ற கிலி அவரை ஆட்டியதாம். கிலிக்குரிய நரம்புக்குப் பெயர் வைத்தவருக்கு அந்தத் தகுதியாவது இருந்தது.

அடுத்து கிளாட் பெர்னார்ட். 1851-இல் பாரிசில் ஒரு முயலின் கழுத்தில் ஒரு பக்கத்துப் பரிவு நரம்பை மட்டும் அறுத்தார். நரம்பு போனால் சூடும் போகும், காது சில்லிடும் என்று எதிர்பார்த்தார். காது சிவந்து, தொட்டால் சுடுகிற அளவுக்கு வெதுவெதுப்பானது. அதாவது இந்த நரம்பு இத்தனை நாளும் ரத்தக் குழாயைக் கெட்டியாகப் பிடித்து நெருக்கிக்கொண்டிருந்திருக்கிறது. பிடி விட்டதும் ரத்தம் பாய்ந்துவிட்டது. பரிவின் உண்மை முகம் முதலில் வெளிச்சத்துக்கு வந்தது ஒரு முயல் காதில்தான். பெர்னார்டின் ஆராய்ச்சிக்குக் கைகொடுத்தது மனைவி கொண்டுவந்த வரதட்சணை. அந்த அம்மாளுக்கோ பிராணிகளை அறுப்பது அறவே ஆகாது. கடைசியில் பிரிந்தே போனார். அந்த வீட்டில் பரிவுள்ள ஒரே ஆள் அவர்தான் என்பது என் கட்சி.

கேம்பிரிட்ஜில் லாங்லி வந்தபோதாவது பெயரை மாற்றியிருக்கலாம். நரம்பு முடிச்சுகளில் நிக்கோட்டினைத் தூரிகையால் தடவி, எந்தக் கம்பி எங்கே போகிறது என்று ஒவ்வொன்றாகக் கண்டுபிடித்த பொறுமைசாலி. மூளையைக் கேட்காமல் தன்பாட்டில் நடப்பதால் மொத்தத்துக்கும் 1898-இல் ‘தானியங்கு’ என்ற அர்த்தத்தில் ஒரு பெயர் வைத்தார். அருமை. ஆனால் 1905-இல் எதிரணிக்கு என்ன பெயர் என்று வந்தபோது கை சலித்துவிட்டது போலிருக்கிறது. ‘பாரா’ என்று முன்னால் ஒரு ஒட்டு ஒட்டி, ‘சிம்பதெட்டிக்குக்குப் பக்கத்தில்’ என்று முடித்துவிட்டார். பக்கத்து வீட்டுக்காரர் நமக்கு வரும்போது எதிர்வீட்டுக்காரராகிவிட்டார்.

பரிவு நரம்புக்குத் துணைபோகிற சுரப்பின் கதையும் இப்படித்தான். சிறுநீரகத்தின் தலையில் தொப்பிபோல உட்கார்ந்திருக்கும் சுரப்பியிலிருந்து வருகிறது. பால்டிமோர் ஏபெல் அதற்கு எபிநெஃப்ரின் என்று பெயர் வைத்தார். ஜப்பானிலிருந்து அமெரிக்கா போன தகாமினே, 1901-இல் அதைச் சுத்தமாகப் பிரித்தெடுத்து அட்ரினலின் என்றார். முன்னது கிரேக்கம், பின்னது லத்தீன், இரண்டுக்கும் அர்த்தம் ‘சிறுநீரகத்தை ஒட்டியது’. என்ன செய்கிறார் என்று சொல்லாமல், மாடிவீட்டுக்காரர் என்று இரண்டு பாஷையில் சொல்லியிருக்கிறார்கள். இன்றைக்கும் அமெரிக்க மருத்துவர் ஒன்றையும் பிரிட்டிஷ் மருத்துவர் இன்னொன்றையும் பிடித்துக்கொண்டு தொங்குகிறார்கள்.

உருப்படியாகப் பெயர் வைத்த ஒரே மனிதர் ஓட்டோ லூவி. ஆஸ்திரியாவில் கிராட்ஸ் நகரம். நடுராத்திரி ஒரு சோதனை கனவில் வந்தது. எழுந்து சீட்டில் கிறுக்கிவிட்டுத் தூங்கினார். காலையில் பார்த்தால் அவர் கையெழுத்து அவருக்கே புரியவில்லை, மருத்துவர் அல்லவா! மறுநாள் மூன்று மணிக்கு அதே கனவு. இம்முறை சீட்டை நம்பாமல் நேரே ஆய்வுக்கூடத்துக்கு ஓடினார். இரண்டு தவளை இதயங்கள். ஒன்றின் நரம்பைத் தூண்டி, அதைச் சுற்றியிருந்த திரவத்தை எடுத்து மற்றதன்மேல் விட்டார். வேகஸைத் தூண்டி எடுத்த திரவம் இரண்டாவது இதயத்தையும் மெதுவாக்கியது. பரிவு நரம்பைத் தூண்டி எடுத்தது ஓடவிட்டது. 1921-இல் எழுதினார், 1936-இல் நோபல் பரிசில் பாதி கிடைத்தது.

அந்த இரண்டு திரவங்களிலும் இருந்த பொருள்களுக்கு அவர் தன் ஜெர்மனில் வைத்த பெயர்களை அப்படியே தமிழில் போட்டால் ‘வேகஸ் சரக்கு’, ‘முடுக்கும் சரக்கு’. எந்தப் பாடப்புத்தகமும் இரண்டையும் வைத்துக்கொள்ளவில்லை.