ஆம்ப்ளிஃபயர் வாங்குவோர் மெய்ப்பாட்டியல்

ஹை-ஃபை கடையின் உள்ளறையில் கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் கேட்டுப் பார்க்கும் மனிதன் இதுவரை தமிழாய்வுலகின் கண்ணில் படவில்லை. முனைவர் பட்டத்துக்குத் தலைப்புத் தேடி மாணவர்கள் அலையும் ஊரில் இது பெரிய குறை. அவன் சோஃபாவின் நட்டநடுவில் உட்காருகிறான். கண்ணை மூடுகிறான். சற்று நேரத்தில் தலை ஆடத் தொடங்குகிறது, புருவம் ஏறுகிறது, கீழுதடு பிதுங்குகிறது. கடைக்காரர் சுவரோரம் கைகட்டி நின்று அந்த உதட்டையே பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தலை எதற்காக ஆடுகிறது என்பதே இவ்வாய்வின் பொருள்.

உள்ளத்து உணர்ச்சி உடம்பில் தெரிவதை மெய்ப்பாடு என்றும், அது எட்டு வகை என்றும் தொல்காப்பியம் வகுத்தது. நகை, அழுகை முதலிய எட்டையும் கடையில் காணலாம் என்றாலும், ஆராயத் தக்கது மருட்கை, அதாவது வியப்பு. வியப்புக்கு நான்கு காரணங்களை அந்நூல் சொல்கிறது: புதுமை, பெருமை, சிறுமை, ஆக்கம். தொல்காப்பியர் காலத்தில் மின்சாரம் இல்லை என்று யாரும் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் ஏற்கப்படுகிறது, ஆனாலும் ஷோரூமுக்கு இவ்வளவு பொருந்தும் வகைப்பாடு வேறு எங்கும் கிடைக்கவில்லை.

புதுமையைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. போன வருட மாடலின் பெயருக்குப் பின்னால் ஓர் எழுத்து கூடியிருக்கும்.

பெருமை என்பது எடை. வாங்க வந்தவர் பாட்டைக் கேட்பதற்கு முன்பே ஆம்ப்ளிஃபயரின் ஒரு மூலையைப் பிடித்து லேசாகத் தூக்கிப் பார்ப்பது உலகெங்கும் உள்ள வழக்கம். இதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. பெட்டியின் எடையில் பெரும்பகுதி டிரான்ஸ்ஃபார்மரும் ஹீட் சிங்க்கும்தான். ஸ்பீக்கர் திடீரென்று அதிக கரண்ட் கேட்கும்போது கொடுக்கக் கையிருப்பு வேண்டும். ஆனால் தூக்கிப் பார்த்தவர் முகத்தில் தெரியும் திருப்தி கரண்டைப் பற்றியது அல்ல. முகப்பில் நீல வெளிச்சத்தில் முள் ஆடும் மீட்டர் இருந்துவிட்டால் தலையாட்டல் பாட்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அமெரிக்காவின் மெக்கின்டாஷ் கம்பெனி இந்த உளவியலை நன்றாக அறிந்தது.

சிறுமைக்குச் சான்று 1978-இல் வந்த என்ஏடி 3020. பக்கத்துக்கு 20 வாட், சாம்பல் நிறம், பிளாஸ்டிக் குமிழ்கள், அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது. நார்வேக்காரரான பியோர்ன் எரிக் எட்வர்ட்சென் வடிவமைத்தது. காகிதத்தில் 20 வாட் என்றாலும், மத்தள அடி போன்ற நொடிப்பொழுது வீச்சுகளுக்கு அதைவிடக் கணிசமாகக் கூடுதலாகக் கொடுக்கும். தகராறு பிடித்த ஸ்பீக்கரையும் இழுத்துக்கொண்டு போகும். தன்னைவிடப் பல மடங்கு விலையுள்ள பெட்டிகளோடு அதை உட்காரவைத்து ஒப்பிட்டுப் பார்த்தவர்கள் ஏராளம். ‘இதிலிருந்தா இந்தச் சத்தம் வருது?’ என்று பெட்டியின் பின்பக்கத்தை எட்டிப் பார்க்கும் மெய்ப்பாடு இவ்வகையைச் சேர்ந்தது.

ஆக்கம் என்றால் ஒன்று இன்னொன்றாக மாறுவது. இதற்கு எடுத்துக்காட்டு 1985-இல் அமெரிக்காவின் சாண்டா ஃபே நகரில் நடந்தது. பாப் கார்வர் என்ற வடிவமைப்பாளர், எவ்வளவு விலை உயர்ந்த ஆம்ப்ளிஃபயராக இருந்தாலும் அதன் ஒலியைத் தன் மலிவான டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயரில் கொண்டுவந்து காட்டுவதாக ஸ்டீரியோஃபைல் பத்திரிகையிடம் சவால் விட்டார். பத்திரிகைக்காரர்கள் அவர் முன் ஒரு பெரிய வால்வு ஆம்ப்ளிஃபயரை வைத்தார்கள். அவர் ஹோட்டல் அறையிலேயே பற்றவைப்புக் கோலோடு உட்கார்ந்துவிட்டார். உபாயம் எளியது: இரண்டு ஆம்ப்ளிஃபயருக்கும் ஒரே பாட்டைக் கொடுத்து, வெளிவருவதில் ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கழித்துவிட்டால் மிஞ்சுவது வித்தியாசம் மட்டும். மிச்சம் காதுக்கு எட்டாத அளவு குறையும்வரை தன் சர்க்யூட்டைத் திருத்திக்கொண்டே போனார். கடைசியில் பத்திரிகையின் தேர்ந்த காதுகள் இரண்டையும் பிரித்துச் சொல்ல முடியாமல் ஒப்புக்கொண்டன.

ஆக, ஆம்ப்ளிஃபயர்களுக்குள் வித்தியாசமே இல்லை என்பவர் கட்சியும் முழுதும் செல்லாது. வித்தியாசம் இருந்ததால்தானே கார்வருக்கு வேலை இருந்தது! வால்வு ஆம்ப்ளிஃபயரின் அவுட்புட் இம்பீடன்ஸ் பெரும்பாலும் கூடுதல். எட்டு ஓம் என்று எழுதிய ஸ்பீக்கரோ ஸ்வரத்துக்கு ஸ்வரம் மூன்றுக்கும் முப்பதுக்கும் இடையே ஏறி இறங்கும். இரண்டும் சேரும்போது சில ஸ்வரங்கள் சற்றுத் தூக்கலாகவும் சில அடங்கியும் கேட்கும். அதற்குத்தான் ‘கதகதப்பான ஒலி’ என்று பெயர். அளந்து பார்க்கக் கூடிய சங்கதிதான், மாயம் ஒன்றுமில்லை.

இந்தக் கதகதப்புக்கு எதிர்க்கட்சியின் தலைமகன் இங்கிலாந்தின் ஹன்டிங்டனில் குவாட் கம்பெனியை நடத்திய பீட்டர் வாக்கர். நல்ல ஆம்ப்ளிஃபயருக்குச் சொந்தக் குரல் இருக்கக் கூடாது, வந்த சிக்னலைப் பெரிதாக்கி அப்படியே விட்டுவிட வேண்டும் என்பது அவர் சித்தாந்தம். 1978-இல் ஜேம்ஸ் மோயர் என்ற ஒலியியலாளர் குவாட்டின் மூன்று தலைமுறைகளை, அதாவது வால்வு காலத்து குவாட் 2, டிரான்சிஸ்டர் காலத்து 303, அப்போது புதிதான 405 ஆகியவற்றை, தேர்ந்த காதுள்ளவர்கள் முன் பெயர் மறைத்து வைத்துச் சோதித்தார். பூவா தலையா போட்டுப் பார்த்திருந்தாலும் அதே முடிவுதான் வந்திருக்கும். தன் புதிய சரக்கும் பழைய சரக்கும் ஒன்றுபோலவே கேட்கின்றன என்ற முடிவைப் பற்றிக் கவலைப்படாத வியாபாரி உலகில் அபூர்வம். 1987-இல் ஸ்டீரியோ ரிவ்யூ பத்திரிகை இதே சோதனையை, சுமார் 220 டாலர் பயனியர் ரிசீவரிலிருந்து 12,000 டாலர் வால்வு ஜோடிவரை ஆறு ஆம்ப்ளிஃபயர்களை வைத்து நடத்தியது. வித்தியாசம் கேட்கிறது என்று சத்தியம் செய்பவர்களையும் நம்பாதவர்களையும் சேர்த்தே உட்காரவைத்தது. இரு தரப்பின் மதிப்பெண்ணும் குருட்டாம்போக்குக் கணக்கைத் தாண்டவில்லை.

அப்படியானால் ஷோரூமில் தலை ஏன் ஆடுகிறது? இங்கேதான் இவ்வாய்வின் கருதுகோள் வருகிறது: தலை ஆடுவது ஆம்ப்ளிஃபயருக்கு அல்ல, வால்யூம் குமிழுக்கு.

பெல் ஆய்வகத்தின் ஃபிளெட்சரும் மன்சனும் 1933-இல் காட்டியது இது: ஒலி குறையக் குறையக் காது தாழ்ந்த ஸ்வரங்களை முதலில் கைவிடுகிறது. மறுதலையாக, ஒலியைத் துளி கூட்டினால் பேஸ் திரண்டு வந்ததுபோல் தோன்றும். ஒரு டெசிபலுக்கும் குறைவான கூடுதலைக் காது ‘சத்தம் கூடிவிட்டது’ என்று சொல்லாது. ‘தெளிவு கூடிவிட்டது’ என்று சொல்லும். இரண்டு ஆம்ப்ளிஃபயர்களின் குமிழையும் ஒரே புள்ளியில் நிறுத்தினாலும் கெயின் வேறு வேறாக இருப்பதால் ஒலி ஒரே அளவாக இருக்காது. கடைக்காரர் ஏமாற்ற வேண்டிய அவசியமே இல்லை. இயற்கையே அவருக்குக் கூட்டாளி.

வாட் கணக்கையும் இங்கே போட்டுவிடலாம். 88 டெசிபல் திறனுள்ள ஸ்பீக்கர் ஒரு வாட்டுக்கே ஒரு மீட்டர் தூரத்தில் 88 டெசிபல் ஒலிக்கும்; வீட்டுக்கூடத்தில் அதுவே அண்டை வீட்டார் எட்டிப் பார்க்கும் சத்தம். மூன்று டெசிபல் ஏற்ற வாட்டை இரட்டிக்க வேண்டும். ஆகவே 50 வாட்டிலிருந்து 100 வாட்டுக்குப் போனால் கிடைப்பது அந்த மூன்று டெசிபல்தான். காதுக்கு ‘சற்று கூடுதல்’; பர்சுக்கு அப்படியல்ல.

அச்சத்துக்கும் தொல்காப்பியம் நான்கு காரணம் காட்டுகிறது: அணங்கு, விலங்கு, கள்வர், தம் இறை. எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் ஸ்பீக்கரில் ‘ம்ம்ம்’ என்று குடியிருக்கும் எர்த் லூப் இரைச்சல் அணங்கு. கிளாஸ் ஏ ஆம்ப்ளிஃபயரின் சூட்டுக்கு அதன் மேல் சுருண்டு படுக்கும் வீட்டுப் பூனை விலங்கு. கள்வர் என்பது பிஎம்பிஓ. தொண்ணூறுகளில் டேப் ரிக்கார்டர் வாங்கியவர்களுக்கு இந்த நான்கெழுத்து மறந்திருக்காது: முன்பக்க ஸ்டிக்கரில் ஆயிரம் வாட், பின்பக்கத் தகட்டில் மின் நுகர்வு நாற்பது வாட். வரவு நாற்பது, செலவு ஆயிரம் என்று நடந்த குடும்பம் அது ஒன்றுதான். அமெரிக்க வணிக ஆணையம் 1974-லேயே இந்தக் கள்வருக்கு ஒரு விதி போட்டது: வாட் என்று விளம்பரம் செய்தால் இரண்டு சேனலும் சேர்ந்து இயங்கும்போது தொடர்ந்து கொடுக்கும் வாட்டாக இருக்க வேண்டும். நான்காவதான இறை, அரசன். அரசன் சுங்க வரியாகவும் ஜிஎஸ்டியாகவும் பில்லின் அடியில் எழுந்தருள்கிறான்.

முறையான பரீட்சைக்குத் தேவை மூன்றே பொருள்கள்: ஒரு மல்டிமீட்டர், ஒரு துணி, மனப்பாடமான ஒரு பாட்டு. கடைக்காரர் போடும் ஈகிள்ஸின் ‘ஹோட்டல் கலிஃபோர்னியா’ 1994 கச்சேரிப் பதிவு எந்தப் பெட்டியிலும் நன்றாகத்தான் இருக்கும். சென்னையில் கேட்பவர் இளையராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ தொகுப்பை எடுத்துப் போகலாம். வயலின் கூட்டத்தில் எந்த வில் எங்கே இழைகிறது என்பது அவருக்கு ஏற்கெனவே தெரிந்திருக்கும். 1986-இல் வந்த தொகுப்பு அது. பலருக்குக் கேசட்டிலேயே மனப்பாடம்.

“மீட்டரா? எதுக்கு சார், காது போதாதா?” என்பார் கடைக்காரர்.

“ரெண்டும் ஒரே வோல்டேஜுக்கு வரட்டும், அப்புறம் காதை வெச்சுக்கலாம்.”

டெஸ்ட் டோனைப் போட்டு ஸ்பீக்கர் முனைகளில் மீட்டரை வைத்து இரண்டையும் ஒரே வோல்டேஜில் நிறுத்தி, முகப்புகளைத் துணியால் மூடி, மாற்றி மாற்றிக் கேட்டால், ஒழுங்காகச் செய்த இரண்டு டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர்களுக்கு நடுவே பெரும்பாலும் தலை இரண்டுக்கும் ஒரே மாதிரி ஆடும், அல்லது ஆடாது. அதற்குப் பிறகு கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அப்பா வைத்துவிட்டுப் போன இசைத்தட்டுகளுக்கு ஃபோனோ இன்புட் இருக்கிறதா? காட்ரிஜிலிருந்து வருவது சில மில்லிவோல்ட்தான். அதற்கென்று தனி சர்க்யூட் வேண்டும். ரிமோட் உண்டா? சர்வீஸ் ஊரிலேயே நடக்குமா? பின்பக்க ஒயர்கள் வளைய ஐந்து விரற்கடை இடம் விட்ட பிறகு, டிவி ஸ்டாண்டின் நடுத் தட்டில் பெட்டி நுழையுமா? கடைசிக் கேள்விக்கு விடை காண மருட்கை உதவாது, இஞ்சி டேப் வேண்டும். அதைக் கடைக்காரர்தான் மேசை டிராயரிலிருந்து எடுத்துக் கொடுப்பார்.