நான் கலெக்டர் இல்லை ஐயா

பெறுநர்: மாட்சிமை தங்கிய கலைக்கூட நிர்வாகத்தார் அவர்கள், சென்னை.

பொருள்: வீட்டுச் சுவர் காலியாக இருப்பது – படம் வேண்டி மனு – தொடர்பாக.

பார்வை: கடந்த ஞாயிறு மாலை தங்கள் ஊழியர் என் செருப்பைப் பார்த்த பார்வை.

பெருமதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

வாசலில் ‘கலை எல்லோருக்கும்’ என்று ஆளுயரத்துக்கு எழுதி வைத்திருந்தீர்கள். எல்லோரிலும் நானும் சேர்த்தி என்று நம்பி உள்ளே வந்துவிட்டேன். ஏ.சி. அருமை. ஒவ்வொரு படத்துக்கும் பக்கத்தில் வரைந்தவர் பெயர், அளவு, என்ன வண்ணம், எந்த ஆண்டு எல்லாம் இருந்தது. விலை மட்டும் இல்லை. மூலையில் ஒரு சின்னப் படம், இரண்டடிக்கு ஒன்றரையடி இருக்கும். வற்றிப்போன கண்மாயில் ஓர் எருமை, முதுகில் சேறு காய்ந்து வெடித்திருக்கிறது. அந்த வெடிப்புக்குள் மட்டும் ஓவியர் லேசாக நீலம் வைத்திருந்தார். எனக்கு நகர மனசு வரவில்லை.

“என்ன விலை தம்பி?” என்றேன். டேப்லெட்டும் கையுமாக நின்ற இளைஞர் என் செருப்பைப் பார்த்தார், அப்புறம் மஞ்சப்பையை. பிறகு கேட்டார்: “சார், நீங்க கலெக்டரா?”

சர்வீஸ் முழுக்க வருவாய்த்துறையில் கழித்தவன் நான். ஒருத்தரும் என்னைப் பார்த்து இப்படி ஒரு சந்தேகம் கொண்டதில்லை. கூச்சமாகப் போய்விட்டது. “இல்ல தம்பி, தாலுகா ஆபீஸ் அசிஸ்டென்டா ரிட்டையர் ஆனவன்” என்றேன். “அப்ப விலை லிஸ்ட் காட்ட முடியாது சார். கீழே போஸ்ட் கார்டு இருக்கு, பாருங்க” என்றார். பக்கத்தில் நின்ற என் மகள் செல்போனுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

படம் வேண்டும் என்று கேட்டவள் அவள்தான். வங்கிக்கடனில் வாங்கிய ஃபிளாட்டில் சோபாவுக்கு மேலே வெறும் சுவர். பெரிசும் சிறிசுமாகப் படங்களைக் கலந்து மாட்டினால் ‘கேலரி வால்’ ஆகிவிடுமாம். பெயரிலேயே கேலரி இருக்கிறதே என்று தங்களை நாடினேன்.

கலெக்டர்களோடு எனக்கும் கொஞ்சம் பழக்கம் உண்டு என்பதால் ஒன்று சொல்ல அனுமதியுங்கள். மாவட்டக் கலெக்டர் திங்கள்கிழமைதோறும் குறைதீர்க்கும் கூட்டம் நடத்துகிறார். செருப்பே இல்லாமல் வருகிறவரிடமும் மனுவை வாங்குவார்கள். வேலை நடக்குமா என்பது வேறு கதை, ஆனால் மனு கொடுக்க வந்த கிழவியை “நீ கலெக்டரா?” என்று யாரும் கேட்டதில்லை. தங்கள் கூடத்தில் ஒரு விலையைத் தெரிந்துகொள்ளவே கலெக்டராக இருக்க வேண்டியிருக்கிறது. இதற்கென்று தேர்வு எழுத எனக்கு வயதும் கடந்துவிட்டது.

2025 மார்ச்சில் எம்.எஃப்.உசேனின் ‘கிராம யாத்திரை’ ஓவியம் நியூயார்க் ஏலத்தில் நூறு கோடி ரூபாய்க்கு மேல் போயிற்று. அது பேப்பரில் வந்தது, டீக்கடையில்கூடப் பேசினார்கள். நம் எருமையின் விலை மட்டும் ராணுவ ரகசியம்.

எங்கள் பாட்டி வீட்டுக் கூடத்தில் உத்தரத்துக்குக் கீழே வரிசையாகப் படங்கள், தலை முன்னால் சாய்ந்தபடி தொங்கும். பின்னால் குருவி கூடு கட்டும். மகாராஜாக்களுக்கு வரைந்த ரவிவர்மா 1894இல் பம்பாயில் அச்சகம் போட்ட பிறகுதான் அவருடைய லட்சுமியும் சரஸ்வதியும் இந்த மாதிரி வீடுகளுக்கு வந்து சேர்ந்தார்கள். கோவில்பட்டியில் இருந்துகொண்டு கொண்டையராஜுவும் அவர் சீடர்களும் வரைந்த சாமிகள் சிவகாசியில் அச்சாகி, மளிகைக்கடைக் காலண்டராகச் சும்மாவே வந்தன. தீபாவளி மலரில் ஓவியர் சில்பி வரைந்த கோயில் சிற்பங்களை பிளேடால் நறுக்கி பிரேம் போட்டவர்கள் எத்தனையோ பேர். இவர்களில் யாராவது வாசலில் நின்றுகொண்டு “நீங்க கலெக்டரா?” என்று கேட்டிருந்தால், தமிழ்நாட்டில் பாதி வீட்டு முருகனுக்கு முகமே வாய்த்திருக்காது.

நவீன ஓவியம் வேறு ரகம் என்பீர்கள். சரி. 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைக் கண்ட ஓவியர் பணிக்கரும் மற்றவர்களும் பாத்திக் முதலிய கைவேலைகளை விற்ற காசில்தான் அந்த நிலத்தை வாங்கினார்கள். விலை சொல்லாமலா விற்றிருப்பார்கள்? பெங்களூரில் ஆண்டுதோறும் நடக்கும் சித்திரச் சந்தையில் ஓவியர்கள் நடுரோட்டில் படத்தைப் பரப்பிக்கொண்டு உட்கார்கிறார்கள். கேட்டால் முகத்தைப் பார்த்து விலை சொல்கிறார்கள்.

ஒரு மனுஷன் விலை கேட்டால் விலையைச் சொல்லுங்கள். கட்டுப்படியாகவில்லை என்றால் அவனே போய்விடுவான். அவனிடம் காசு இருக்காது என்று முடிவுகட்ட நீங்கள் யார்? ஐந்து வருஷம் படித்து வரைந்த ஒருவன் படத்துக்கு முன்னால் ஒரு ஆள் கால்மணி நேரம் நின்றதை அவனிடம் போய்ச் சொல்லக்கூட மாட்டீர்கள். உங்கள் வெள்ளைச் சுவரும் நீங்களும்!

மன்னிக்கவும். பிரஷர் மாத்திரை போட மறந்துவிட்டேன். ஏ.சி. உண்மையிலேயே அருமை.

சுவர் இப்போது முக்கால்வாசி நிறைந்துவிட்டது என்பதைப் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன். எழும்பூர் ஓவியக் கல்லூரி மாணவர் ஒருவரிடம் இரண்டு லினோகட் வாங்கினோம். ஓரத்தில் பென்சிலால் 8/20 என்று போட்டிருக்கிறது, அதாவது அச்செடுத்த இருபதில் எட்டாவது பிரதி. விலையைப் பின்பக்கமே எழுதியிருந்தான், நான் கலெக்டரா என்று கேட்கவே இல்லை. படத்தைவிட பிரேமுக்குத்தான் செலவு அதிகம். பிரேம் கடைக்காரர் டேப்பை வைத்து நாலு பக்கமும் அளந்து, அடிக்கு இவ்வளவு, கண்ணாடிக்கு இவ்வளவு, மவுன்ட்டுக்கு இவ்வளவு என்று வேலையைத் தொடுவதற்கு முன்னாலேயே துண்டுச்சீட்டில் கூட்டிக் காட்டிவிட்டார். கலையறிவு போதாதவர்.

இன்னொன்று. தங்கள் வரவேற்பு மேசையில் அழைப்பிதழ்கள் அடுக்கியிருந்தன. நல்ல கெட்டி அட்டை, அதில் நம் எருமையேதான் அச்சாகியிருந்தது. கலெக்டர் அல்லாதாரும் எடுத்துக்கொள்ளலாம் போலிருக்கிறது, எடுத்துக்கொண்டேன். சுற்றிலும் அகலமாக மவுன்ட் விட்டு பிரேம் போட்டு நடுவில் மாட்டியிருக்கிறோம். அந்த நீலம் மட்டும் அச்சில் சரியாக விழவில்லை.

அசலை வாங்க இன்னமும் ஆசை இருக்கிறது, தவணை என்றாலும் சம்மதம். என் செல் நம்பர் தங்கள் வருகைப் பதிவேட்டில் உள்ளது. ஓவியர் நேராகவே பேசட்டும், தங்கள் கமிஷனைக் கழித்துக்கொண்டால் எங்கள் இருவருக்குமே படியலாம்.

இப்படிக்கு,
கலெக்டர் அல்லாத மனுதாரர்.

நகல்: மேற்படி எருமையை வரைந்தவருக்கு, தகவலுக்காகவும் தக்க நடவடிக்கைக்காகவும்.