அம்புக்குறி ஆர்க்கிடெக்ட்

நெடுங்காட்டுக்கும் ஒரு ஆர்க்கிடெக்ட் வந்தாயிற்று. வீடு கட்டுகிறவர் இல்லை, மென்பொருள் கட்டுகிறவர், அதாவது கட்டப்போகிறவர். ஆன்லைனில் ‘சிஸ்டம் டிசைன்’ படித்து முடித்ததிலிருந்து, எதைச் சொன்னாலும் அவர் கையில் பேனாவின் மூடி கழன்றுவிடுகிறது. மளிகைக்கடைக்கு பில் போட ஏதாவது செய்து தரச் சொல்லிப் பாருங்கள். சரக்குக்கு ஒரு கட்டம், விலைக்கு ஒரு கட்டம், கடன் நோட்டுக்குத் தனிக் கட்டம், நடுவே தகவலைக் கடத்தக் காஃப்கா, வாசலில் கூட்டத்தைப் பிரித்து அனுப்ப லோடு பேலன்சர். கடையில் நிற்பதே மூன்று பேர்; அவர்களை எங்கே பிரித்து அனுப்புவது என்று கேட்டுவிடாதீர்கள். “நாளைக்கு ஸ்கேல் ஆகணும்ல, முதலாளி?” என்று இன்னொரு கட்டம் போடுவார்.

கட்டத்தையாவது பொறுத்துக்கொள்ளலாம், அதற்கு ஒரு பெயர் இருக்கிறது. அவருடைய அம்புக்குறிக்கு அதுவும் கிடையாது. இங்கிருந்து கிளம்பியது அங்கே பதில் வரும்வரை காத்திருக்குமா, போட்டுவிட்டு வந்துவிடுமா? பதில் வராவிட்டால் மறுபடி கேட்குமா? மறுபடி கேட்டால் ஒரு கிலோ துவரம்பருப்புக்கு இரண்டு முறை காசு போகுமா? கட்டடக்கலையின் பாலபாடம் இந்தக் கேள்விகளில்தான் இருக்கிறது. அவரோ அம்பை இன்னும் தடிமனாக இழுக்கிறார். பல கணினிகளைச் சேர்த்து வேலை வாங்குகிறவர்களின் தவறான நம்பிக்கைகளை 1994-ல் சன் மைக்ரோசிஸ்டம்ஸில் பீட்டர் டாய்ச் பட்டியலிட்டபோது, முதலில் வைத்ததே ‘வலையமைப்பு கைவிடாது’ என்ற நம்பிக்கையைத்தான். நம்மவரின் அம்புகள் அத்தனையும் அதன்மேல்தான் நிற்கின்றன.

வேறு ஊர்க்காரர் என்றால் மன்னித்துவிடலாம். நெடுங்காடு இருக்கும் காரைக்கால், காவிரியின் கடைமடை. 2007-ல் நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு ஒதுக்கியது 7 டி.எம்.சி.; 2018-ல் கர்நாடகத்தின் பங்கையும் தமிழ்நாட்டின் பங்கையும் மாற்றிய உச்ச நீதிமன்றம் இந்த ஏழில் கைவைக்கவில்லை. தாளில் பார்த்தால் மேட்டூர், கல்லணை, அரசலாறு, காரைக்கால் என்று அழகான அம்புகள். தரையில் பார்த்தால் ஷட்டர், ஆகாயத்தாமரை, உடைந்த கரை, மேலே இருப்பவரின் மோட்டார். ஜூன் 12-ல் மேட்டூரில் திறந்தார்கள் என்பது செய்தி. நாற்றங்காலுக்குத் தண்ணீர் வந்தது என்பது வேறு செய்தி. எந்த ஷட்டர், யார் திறப்பது, எத்தனை நாள், வராவிட்டால் யாரிடம் போய் நிற்பது? ஆர்க்கிடெக்டின் தாத்தா ஆண்டுதோறும் கேட்ட கேள்விகள் இவை. பேரன் பணம் கட்டிப் படித்தும் இவற்றில் ஒன்றைக்கூடக் கேட்பதில்லை.

அப்படியானால் படமே வேண்டாமா என்பார்கள். வேண்டும். மென்பொருள் படங்களை ஆளுக்கொரு குறியீட்டில் வரைந்துகொண்டிருந்த பூச், ரம்பா, யாக்கப்சன் மூவரும் ஒன்றுசேர்ந்து உருவாக்கிய யூ.எம்.எல். 1997-ல் பொதுத் தரமானது வீணுக்கு அல்ல. ஆனால் அதற்கு முன்பே, 1995-ல், ஃபிலிப் க்ருக்டன் ஒரே படத்தில் எல்லாவற்றையும் அடைக்காதீர்கள் என்று நான்கு பார்வைகளைப் பிரித்துக் காட்டி, அவை பொருந்துகின்றனவா என்று பார்க்கப் பயன்பாட்டுக் காட்சிகளை ஐந்தாவதாக வைத்தார். நம்மவர் படத்தில் சர்வரும் இருக்கும், சம்பளமும் இருக்கும். பில் போடுகிற ஆள் மட்டும் இருக்கமாட்டார். “நெட்ஃபிளிக்ஸே சர்வீஸ் சர்வீஸா பிரிச்சுதான் வச்சிருக்கான்” என்பது அவருடைய கடைசி அஸ்திரம். பிரித்து வைத்தவர்கள் சேர்த்ததும் உண்டு. அமேசான் பிரைம் வீடியோவின் ஒரு குழு, ஒளி-ஒலித் தரத்தைக் கண்காணிக்கும் தன் சேவையைத் துண்டுதுண்டாக வைத்திருந்து, பிறகு ஒன்றாக்கியதில் அதன் செலவு 90 சதவீதத்துக்கு மேல் குறைந்ததாக 2023-ல் வெளியே சொன்னது. இதைச் சொன்னால், “அது சூழ்நிலையைப் பொறுத்தது” என்பார். அவர் சொல்வதிலேயே முழு உண்மை இதுதான். எந்தச் சூழ்நிலை என்று மட்டும் சொல்லமாட்டார்.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும்: கடை பெரிதானால் என்ன செய்வது என்று ஊரில் யோசிக்கிற ஒரே ஆள் அவர்தான். அந்த அக்கறை அபூர்வம். அதனால்தான் கேட்கிறோம். தம்பி, புதுக் கட்டம் போதும். போட்ட அம்பு ஒவ்வொன்றின் மேலும் என்ன போகிறது, போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும் என்று இரண்டு வரி எழுதுங்க. எழுத முடியாத அம்பை அழிச்சிடுங்க.