மாமிட ஊட்டுல கந்தோர்

வாங்க மருமகன், இரிங்க. பிளேன்டி வருது. கொழும்புக் கொம்பனி வேலைய நம்மட ஊட்டு அறைக்குள்ள இரிந்தே பாக்கீங்களாம். பெரியவனும் கைப்புள்ளையும் இரிக்கிற ஊட்டுல இது எப்படி நடக்குதெண்டு பள்ளிவாசல்ல நாலு பேரு என்னட்ட கேட்டுட்டாங்க. “மாப்புள கெட்டிக்காரன்” எண்டு நானும் சொல்லி வெச்சிரிக்கன். அந்தக் கெட்டித்தனம் ஆருட கையில கிடக்கெண்டு நமக்குள்ள ஒள்ளுப்பம் கதைப்பம்.

இந்தக் கிழக்குக் கரையில மருதமுனையில இரிந்து பொத்துவில் மட்டும் பொண்ணுக்கு ஊடு குடுத்துத்தான் கலியாணம். மாப்புள பொண்ட ஊட்டுக்கு வாறவர். அப்ப நீங்க “ஊட்டுல இரிந்து வேல” எண்டு சொல்ற ஊடு மகளுட. பின்வளவுல இரிக்கிற மாமியோ உங்கட கொம்பனிட இடாப்புல பேரில்லாத ஊழியர். சம்பளமும் இல்ல, லீவும் இல்ல, ஈபிஎப்பும் இல்ல. கொம்பனி முதலாளிக்கு இப்படி ஒரு ஆள் இரிக்கிறதே தெரியாது.

ஊட்டுக்குள்ள தொழில் செய்யிறது இந்த ஊருக்குப் புதுசில்ல. வாப்பா தறியில சாறன் நெய்வார். உம்மா பக்கத்துல இரிந்து நூல் சுத்துவா. ஏணைக் கயிறு அவட கால் பெருவிரல்ல கட்டிக் கிடக்கும். கை நூல இழுக்க, கால் ஏணைய இழுக்கும். புள்ள வீறிட்டா தறி நிக்கும். வாப்பாவே எழும்பித் தூக்குவார். நெய்ஞ்ச அளவுக்குத்தான் கூலி. அதால நிண்ட நேரத்துக்குத் தறி கேள்வி கேக்காது, அண்டைக்கு ஒரு முழம் குறையும், அவ்வளவுதான். உங்கட கொம்பனி நேரத்தையெல்லோ வாங்குது. லெப்டொப்புல பச்சப் பொட்டு மஞ்சளாகினா எங்க போனீங்கெண்டு கேக்கும். அந்தப் பொட்டு பச்சையாவே கிடக்கிறத்துக்காக மாமி கைப்புள்ளையத் தோள்ல போட்டுக்கிட்டு கடக்கரைப் பக்கம் நடக்கிறா.

2020 மார்ச்சில பள்ளிக்கூடம் மூடி ஊரடங்கும் போட்டாங்களே, ஞாபகம் இரிக்கா? மகள் டீச்சர். பெரியவன இடுப்புல வெச்சுக்கிட்டு வட்ஸ்அப்புல பாடம் அனுப்பினா. “தாவரத்தின் வேர்… வாயில போடாத வாப்பா… மண்ணிலிருந்து நீரை… துப்பு, துப்பு… உறிஞ்சும்.” முழு வகுப்பும் அதக் கேட்டுத்தான் படிச்சிச்சு. மறுகா இஷா தொழுதிட்டு, புள்ளைய நித்திரையாக்கிப்போட்டு, அதே பாடத்தத் திரும்பவும் பேசி அனுப்புவா. நீங்க கதவச் சாத்திட்டு மீட்டிங்ல இரிந்தீங்க. உங்கட மைக் மூடிக் கிடந்திச்சு. மைக்க மூடினா அழுக மூடுமா மருமகன்?

உங்கள மட்டும் சொல்லல்ல. 2022 ஜூன்ல பெற்றோல் இல்லாம நாடு நிண்ட நேரம், அரசாங்க உத்தியோகத்தருக்கு வெள்ளிக்கிழமைய லீவாக்கி வளவுல பயிர் நடச் சொன்னாங்க. நம்மட தெருவுல கத்தரிக்கண்டுக்குத் தண்ணி ஊத்தினது பொம்புளையள். அதுக்குப் பக்கத்துல குந்திக்கிட்டுப் பேஸ்புக்கில படம் போட்டது ஆம்புளையள்.

வெளிநாட்டுக்காரனும் இதே ரகம்தான். 2017 மார்ச்சில தென்கொரியாவில ரொபர்ட் கெலி எண்ட பேராசிரியர் ஊட்டு அறையில இரிந்து பீபீசியில நேரடியாக் கதைச்சார். மஞ்சள் உடுப்புப் போட்ட மகள் கைய வீசிக்கிட்டு உள்ளுக்கு வந்தா. பின்னால நடைவண்டியில தம்பி. உலகமே பாத்துச் சிரிச்சிச்சு. நான் பாத்தது வேற. மனிசன் கதிரைய விட்டு எழும்பல்ல. ஒரு கையால மகளத் தள்ளிக்கிட்டே கதைச்சார். ஓடி வந்து, குனிஞ்சு, ரெண்டையும் இழுத்துக்கிட்டுப் போனது பொஞ்சாதி. அவவ வேலைக்காரி எண்டு நினைச்ச ஆக்களும் கனபேர்.

“கொம்பனிக்காரன் என்ன நினைப்பான்” எண்டு நீங்க இழுக்கிறது எனக்கு விளங்குது. புள்ளையோட வேல செய்யிறது மரியாதக் குறவெண்டு ஒரு பயம். அதுக்கு ஒரு விசயம் சொல்றன். நம்மட நபியவங்க, ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம், பேத்தி உமாமாவத் தூக்கிக்கிட்டே தொழுவிச்சாங்க. சுஜூதுக்குப் போகக்குள்ள இறக்கி வைப்பாங்க, எழும்பக்குள்ள தூக்குவாங்க. புஹாரியிலயும் முஸ்லிமிலயும் கிடக்கு. உங்கட சூம் மீட்டிங் தொழுகைய விடப் பெரிசெண்டா சொல்லுங்க, நான் வாய மூடுறன்.

இல்லாட்டிக் கேளுங்க. புள்ளையள் எழும்ப முதல், சுபஹுத் தொழுதிட்டு வந்து கணக்கு வேலைய முடிங்க. அந்த நேரம் வாற கரண்டும் சிக்னலும் நல்லம். மகள் பள்ளிக்கூடத்தால வந்து ஒரு வாய் சோறு தின்னுற மட்டும் கைப்புள்ள உங்கட மடியில இரிக்கட்டும். அசர்ல இரிந்து மஃரிப் மட்டும் ரெண்டு புள்ளையும் உங்கட பொறுப்பு. மேலதிகாரிக்கு ஒளிச்சு வெக்காம, அந்த நேரம் கூட்டம் வெக்க வேணாமெண்டு இண்டைக்கே எழுதிப் போடுங்க. மாமிக்கு முழங்கால் நோவு. அவ இனி நடக்கமாட்டா.