வலப்பக்கம் விழுந்தால் தானியம்

அரிசி ஆலையில் கணக்கு எழுதுகிறவனுக்கு எடையைப் பற்றி யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஒரு சிப்பம் 25 கிலோ. நான் நாலு சிப்பத்துக்கு நாலு கிலோ குறைவு. ஆலைப் பேச்சில் சொன்னால் நல்ல சரக்கு. டாக்டர் பேச்சில் பி.எம்.ஐ. 34.

உலகக் கணக்குப்படி 30-ஐத் தொட்டால்தான் உடல் பருமன். நமக்கு அந்தச் சலுகையும் கிடையாது, 25-லேயே ஆரம்பம் என்றார் டாக்டர். நம் ஆட்களுக்குக் கொழுப்பு கையிலும் காலிலும் பரவாமல் வயிற்றைச் சுற்றியே முகாம் போடுகிறதாம். அதனால் ஆண்களுக்கு இடுப்பு 90 சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது. நான் தாண்டி வெகுகாலம் ஆகிறது. ரத்தம் எடுத்தார்கள், தைராய்டு பார்த்தார்கள், ஈரலை ஸ்கேன் எடுத்தார்கள். கடைசியில் எதையெல்லாம் குறைக்க வேண்டும் என்று ஒரு தாள் வந்தது.

அதைப் படித்தபோதுதான் என் மாவட்டத்தின் மீதே டாக்டர் கை வைத்திருப்பது புரிந்தது. சர்க்கரை வேண்டாம் என்கிறார். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் நிற்கின்றன. அரிசி குறையுங்கள் என்கிறார். எனக்குச் சம்பளம் தருவதே அரிசி. மரவள்ளியும் ஜவ்வரிசியும் கூடாதாம். கல்வராயன் மலையிலிருந்து லாரி லாரியாக இறங்குவதே அந்தக் கிழங்குதான். 2019 நவம்பர் 26-ல் விழுப்புரத்திலிருந்து பிரித்துக் கொடுத்த மாவட்டத்தில் இவ்வளவையும் கழித்தால் மிஞ்சுவது புவிசார் குறியீடு வாங்கிய மரச்சிற்பம் ஒன்றுதான். அதைத் தின்ன டாக்டர் தடை சொல்லியிருக்க மாட்டார். முழுக்க நார்ச்சத்து.

முதல் மாதம் தாளின்படி நடந்தேன். எடை சட்டென்று இறங்கியது. வீட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். எனக்கு மட்டும் சந்தேகம். டாக்டரும் சிரித்துக்கொண்டே, முதலில் போவதில் பெரும்பகுதி தண்ணீர் என்றார். ஈரப்பதம்! களத்தில் காயும் நெல்லும்தான் எடை குறைகிறது. அதற்கு யாராவது மாலை போடுகிறார்களா?

அதற்கப்புறம் முள் அசையவில்லை. மறுபடி சோதனைகள். வீட்டில் யாருக்காவது தைராய்டு புற்றுநோய் வந்திருக்கிறதா, எனக்குக் கணையத்தில் வீக்கம் இருந்ததா என்று விசாரணை. மாப்பிள்ளை பார்க்க வந்தவர்கள்கூட இவ்வளவு கேட்டதில்லை. பிறகுதான் வாரம் ஒரு ஊசி, டிர்செபடைடு. மவுன்ஜாரோ என்ற பெயரில் 2025 மார்ச்சில் இந்தியாவுக்கு வந்தது. ஆரம்ப அளவு 2.5 மில்லிகிராம், அப்போதைய விலை 3,500 ரூபாய். அந்தப் பணத்துக்கு ரெண்டு சிப்பம் பொன்னி வரும். சாப்பிடாமல் இருப்பதற்கு வாரம் ரெண்டு சிப்பம் செலவழிக்கும் முதல் ஆள் எங்கள் வம்சத்தில் நான்தான்.

இந்த ஊசி இரைப்பை காலியாவதைத் தாமதப்படுத்துகிறது. போதும் என்று மூளைக்குச் சொல்லியும் விடுகிறது. இதைச் சொல்லி நிறுத்தியிருக்கலாம். அம்மாவிடம் மருந்தின் பூர்வீகத்தையும் சேர்த்துச் சொன்னேன். அமெரிக்கப் பாலைவனத்தில் கிலா மான்ஸ்டர் என்று ஒரு விஷப் பல்லி. வருஷத்தில் சில வேளை தின்றே காலத்தை ஓட்டிவிடும். ஜான் எங் என்ற டாக்டர் 1990-களின் தொடக்கத்தில் அதன் விஷத்தில் ஒரு பொருளைக் கண்டுபிடித்தார். அதை வைத்து 2005-ல் ஒரு சர்க்கரை மருந்து வந்தது. இந்த வகை ஊசிகளில் அதுதான் மூத்தது.

"பால்ல பல்லி விழுந்தா தூக்கிக் கொட்டுவோம். நீ காசு குடுத்து உடம்புல ஏத்திக்கிறியாடா?"

என்னுடையது பல்லியே இல்லாமல் தொழிற்சாலையில் செய்தது என்று விளக்கினேன். அம்மா அதற்குள் பஞ்சாங்கத்தின் பின்பக்கத்தில் பல்லி விழும் பலனுக்குப் போயிருந்தார். வயிற்றில் இடப்பக்கம் விழுந்தால் மகிழ்ச்சி, வலப்பக்கம் விழுந்தால் தானியம். ஊசியை வாராவாரம் இடம் மாற்றிப் போடச் சொல்லியிருந்தார் டாக்டர். எனவே ஒரு வாரம் மகிழ்ச்சி, ஒரு வாரம் தானியம். ஆலையில் வேலை பார்க்கிறவனுக்கு ரெண்டும் பொருத்தம் என்று அம்மா அனுமதி கொடுத்தார். குமட்டலும் மலச்சிக்கலும் பஞ்சாங்கத்தில் இல்லை. டாக்டர் சொன்ன பட்டியலில் இருந்தன, தவறாமல் வந்தன.

மருத்துவக் கண்காணிப்பு என்கிறார்களே, அதில் டாக்டரின் பங்கு மாதத்துக்குப் பத்து நிமிஷம். மீதி முழுவதையும் ஊர் பார்த்துக்கொள்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வுப்படி தமிழ்நாட்டில் பெண்களில் நூற்றுக்கு 40 பேருக்கும் ஆண்களில் 37 பேருக்கும் எடை அதிகம். அவர்களிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. சட்டை கொஞ்சம் தொளதொளத்தவனிடம்தான் துக்கம் விசாரிக்கிறார்கள். கல்யாணப் பந்தியில் மாமா ஒருவர் என் தோளைத் தொட்டு, குரலைத் தாழ்த்தி, "என்ன மாப்ள, சுகரா?" என்றார். இல்லை மாமா, வைத்தியம் பண்ணி இளைக்கிறேன் என்றேன். "வைத்தியம் பண்ற அளவுக்கு ஆயிடுச்சா?" என்று அத்தையைக் கூப்பிட்டார். அத்தை கண் கலங்கி இன்னொரு ஜாங்கிரி வைத்தார்.

சாமை நல்லது என்று யாரோ சொல்ல, ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளிமலைக்குப் போனேன். கோமுகி அணையைத் தாண்டியதும் மலைப்பாதை. கார் மூச்சு வாங்கியது. விறகுக் கட்டைத் தலையில் வைத்து ஏறிய பெண்களுக்கு வாங்கவில்லை. சாமை கொடுத்த வீட்டுப் பாட்டி சாப்பிட்டுத்தான் போகணும் என்று உட்கார வைத்தார். தட்டில் விழுந்தது ரேஷன் அரிசிச் சோறு. சாமையைக் கீழே எங்களுக்கு விற்றுவிட்டு எங்கள் சோற்றை அவர்கள் சாப்பிடுகிறார்கள். ரெண்டு கவளத்தில் நான் நிறுத்தியதும், "வயித்துக்கு ஆவலையா தம்பி?" என்றார். ஊசியைச் சொன்னேன். பாட்டி ரொம்ப நேரம் யோசித்தார்.

"பசியை நிறுத்தவா ஊசி? நாங்க அதுக்குச் சோறுல்ல ஆக்குவோம்!"

அந்தச் சாமையையும் தட்டு நிறையப் போட்டுச் சாப்பிட்டால் அரிசிக்கும் அதற்கும் மாவுச்சத்தில் பெரிய வித்தியாசமில்லை என்று டாக்டர் பிறகு சொன்னார். முட்டை, பயறு, சுண்டல் சாப்பிடுங்கள், நடங்கள், கொஞ்சம் பளு தூக்குங்கள். இல்லாவிட்டால் கொழுப்போடு சதையும் சேர்ந்து போய்விடும் என்றார். பளு தூக்குவதற்கு ஆலையில் பஞ்சமில்லை. நான் ஒரு சிப்பத்தைத் தூக்கிய அன்று சுமை தூக்கும் ஆட்கள் வேலையை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்கள்.

எவ்வளவு காலம் போட வேண்டும் என்று கேட்டேன். இதே வகையைச் சேர்ந்த செமாக்ளூடைடை நிறுத்தியவர்களுக்கு, குறைந்த எடையில் மூன்றில் இரண்டு பங்கு ஓராண்டுக்குள் திரும்பி வந்ததாக ஆய்வு இருக்கிறது என்றார். வங்கிக் கடன் வாங்கியவனுக்கு இந்தக் கணக்கு உடனே புரியும்.

இப்போது நான் மூன்றேகால் சிப்பம். டாக்டருக்குத் திருப்தி. முதலாளிக்கு இல்லை. போன வாரம் சேலத்து வியாபாரி ஒருவர் சரக்குப் பார்க்க வந்து, என்னையும் ஒரு பார்வை பார்த்துவிட்டு, விலையில் கைவைத்தாராம். அவர் போனதும் முதலாளி என்னை உள்ளே கூப்பிட்டார்.

"கணக்குப்பிள்ளையே இப்படி இருந்தா நம்ம அரிசியை யாருய்யா நம்புவான்? மத்ததெல்லாம் குறைச்சுக்க, வயித்தை மட்டும் விட்டுவைக்க முடியுமான்னு டாக்டரைக் கேளு."