வழக்கே பார்க்காத ஜட்ஜய்யா

ஹாரி ட்ரூமன் என்றதும் அணுகுண்டுதான் ஞாபகத்துக்கு வரும். அதைச் சற்று ஓரமாக வைப்போம். அமெரிக்க ஜனாதிபதி ஆவதற்கு ரொம்ப முன்னால், மிஸௌரி மாநிலம் ஜாக்ஸன் கவுண்டியில் இரண்டு தவணையாகப் பத்து வருஷம் அவர் 'ஜட்ஜ் ட்ரூமன்'. சட்டம் படித்தவரா? இல்லை. வக்கீலா? இல்லை. காலேஜ் டிகிரியாவது? அதுவும் இல்லை. சரி, எத்தனை கேஸில் தீர்ப்புச் சொன்னார்? அங்கேதான் விசேஷம். அவருடைய கோர்ட்டில் கேஸே கிடையாது.

குழம்ப வேண்டாம். மிஸௌரியில் அந்தக் காலத்தில் ஒரு கவுண்டியை நிர்வாகம் செய்த மூன்று பேர் குழுவுக்கு 'கவுண்டி கோர்ட்' என்று பெயர். ரோடு போடுவது, பாலம் கட்டுவது, வரி வசூல், ஆதரவற்ற முதியோருக்கான இல்லம், இவைதான் வேலை. உயில் தகராறா, கொலையா, களவா? அதற்கெல்லாம் பக்கத்தில் வேறு கோர்ட்டுகள், அசல் ஜட்ஜுகள். நம் ஊர்க் கணக்கில் மாவட்டப் பஞ்சாயத்து. ஆனால் 'பஞ்சாயத்து மெம்பர்' என்று கூப்பிட்டால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? 'ஜட்ஜ்' என்றால் ஊரே எழுந்து நிற்கும்.

இந்த நாற்காலிக்கு அவரைத் தகுதியாக்கிய முன் அனுபவத்தைப் பார்க்கலாம். பாங்க் க்ளார்க், பிறகு பத்து வருஷத்துக்கு மேல் க்ராண்ட்வியூ பண்ணையில் கலப்பை. நடுவில் ஓக்லஹோமாவில் துத்தநாகச் சுரங்கம் தோண்டினார். பணம்தான் உள்ளே போனது, துத்தநாகம் வெளியே வரவில்லை. அடுத்து எண்ணெய்க் கம்பெனி. கான்ஸஸில் குத்தகைக்கு எடுத்த நிலத்தை இவர்கள் கைகழுவிய பிறகு, வேறொரு கம்பெனி வந்து அங்கேயே துளை போட்டது. பீறிட்டு வந்தது பாருங்கள் எண்ணெய்! லிங்க்ட்இன் அப்போது இருந்திருந்தால் மனிதர் 'சீரியல் ஆந்த்ரப்ரனர்' என்று போட்டுக்கொண்டிருப்பார். கடன்காரர்கள் கீழே கமெண்ட் போட்டிருப்பார்கள்.

முதல் உலகப் போரில் பீரங்கிப் படை கேப்டனாகப் போனார். அடங்காத ஐரிஷ் பையன்கள் நிறைந்த 'பேட்டரி டி'யை அடக்கி மேய்த்து நல்ல பேரோடு திரும்பினார். வந்ததும் ராணுவ நண்பர் எடி ஜேக்கப்ஸனோடு சேர்ந்து கான்ஸஸ் சிட்டியில் ஆண்களுக்கான துணிக்கடை திறந்தார். பட்டுச் சட்டை, டை, தொப்பி என்று அமோகமான சரக்கு. 1921-இல் பொருளாதாரம் படுத்தது. பட்டுச் சட்டைக்காரர்கள் பழைய சட்டையைத் துவைத்துப் போட ஆரம்பித்தார்கள். 1922-இல் கடை மூடல். திவால் நோட்டீஸ் கொடுக்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்து, அந்தக் கடனை வருஷக் கணக்கில் அடைத்தார். நாணயஸ்தர்தான். அந்த நாணயத்தை அவர் எந்தக் கடைக்குக் கொண்டுபோனார் என்பதுதான் மீதிக் கதை.

கான்ஸஸ் சிட்டியின் நிஜ ஆட்சியாளர் டாம் பெண்டர்காஸ்ட். அப்போது எந்தப் பதவியிலும் இல்லை, எல்லாப் பதவியும் அவரிடம் இருந்தது. மேயர் யார், போலீஸில் யார், குப்பை அள்ளுவது யார் என்று முடிவு செய்கிறவர். கூடவே ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் கம்பெனியும் வைத்திருந்தார். நகரத்தில் எது கட்டினாலும் அவர் கான்கிரீட்தான் நல்ல கான்கிரீட் என்பது இயற்கை விதி. அவருடைய அண்ணன் மகன் ஜிம், போரில் ட்ரூமனோடு இருந்தவன். ஜிம்மின் அப்பா மைக் ஒருநாள் துணிக்கடைக்கு வந்து, "கவுண்டி ஜட்ஜுக்கு நிற்கிறீர்களா?" என்று கேட்டார். கடை இழுத்துக்கொண்டு கிடந்த நேரம். சட்டை வாங்க வந்திருந்தால் இன்னும் சந்தோஷப்பட்டிருப்பார்.

ஜாக்ஸன் கவுண்டி டெமாக்ரட்டுகள் அப்போது இரண்டு கோஷ்டி. பெண்டர்காஸ்ட் ஆட்களுக்கு 'ஆடுகள்' என்று பெயர், ஜோ ஷானன் ஆட்களுக்கு 'முயல்கள்'. சத்தியமாக! நம் ஊர்க் கோஷ்டிகளுக்கு இவ்வளவு அழகான பெயர்கள் அமையவே இல்லை. 1922-இல் ட்ரூமன் ஆடாக நின்றார்.

பிரசாரத்தில் ஒரு ஹைலைட் உண்டு. ஓக் க்ரோவ் என்ற ஊரில் பிக்னிக், பெருங்கூட்டம். இரட்டை இறக்கை விமானத்தில் பறந்து வந்து, மேலிருந்து நோட்டீஸ் தூவி, கம்பீரமாக இறங்குவதாகத் திட்டம். 1922-இல் இது எவ்வளவு பெரிய மாஸ் என்ட்ரி என்று யோசியுங்கள். விமானம் வட்டமடித்தது, நோட்டீஸ் பறந்தது, கூட்டம் வாய் பிளந்தது. விமானம் மேய்ச்சல் நிலத்தில் இறங்கி, முள்கம்பி வேலியை ஒட்டித் தடுமாறி நின்றது. வேட்பாளர் வெளியே வந்தார். வாக்காளப் பெருமக்கள் முன்னிலையில் வேலியோரமாகக் குனிந்து வாந்தி எடுத்தார். பிறகு வாயைத் துடைத்துக்கொண்டு மேடையேறிப் பேசினார். நம்பிக்கையூட்டும் தலைவர்!

கட்சிக்குள் நடந்த வேட்பாளர் தேர்தலில் ஜெயித்தது 300-க்கும் குறைவான ஓட்டு வித்தியாசத்தில். ஜட்ஜ் ஆகிவிட்டோம், கொஞ்சம் சட்டமும் படித்து வைப்போம் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும். 1923-இல் கான்ஸஸ் சிட்டி சட்டக் கல்லூரியில் ராத்திரி வகுப்பில் சேர்ந்து, இரண்டு வருஷத்தில் விட்டுவிட்டார். சும்மா சொல்லக்கூடாது, மிஸௌரி உச்ச நீதிமன்றம் கடைசியில் அவருக்கு வக்கீல் லைசன்ஸ் கொடுத்தது. கௌரவ லைசன்ஸ், 1996-இல். அவர் காலமாகிக் கிட்டத்தட்ட 24 வருஷம் ஆகியிருந்தது.

1924-இல் தோற்றார். முயல்கள் முறைத்துக்கொண்டு எதிர்க்கட்சிக்கு உதவின. வெள்ளை நிறவெறிக் கும்பலான கு க்ளக்ஸ் க்ளானும் எதிர்த்து வேலை செய்தது. ஜெயித்த ஹென்றி ரம்மல், சேணம் தைக்கும் தொழிலாளி. சின்ன வயதில் ஹாரி தன் பொம்மை வண்டியில் பூட்டிய ஆடுகளுக்குச் சேணம் தைத்துக் கொடுத்தவரே இந்த ரம்மல்தான். ஆட்டைக் கட்ட அந்த ஊரில் அவரை விட்டால் யார்? ட்ரூமன் வாழ்க்கையில் தோற்ற பொதுத் தேர்தல் இது ஒன்றுதான். அதன் பிறகு ஆட்டோமொபைல் கிளப்புக்கு மெம்பர் பிடித்துக் காலம் தள்ளினார். 1926-இல் ஆடுகளும் முயல்களும் ராசியாக, தலைமை ஜட்ஜ் ஆகத் திரும்பி வந்தார்.

இந்த முறை நிஜமாகவே வேலை செய்தார், அதுதான் வம்பு. 1928-இல் மக்களிடம் ஓட்டுக் கேட்டு, 65 லட்சம் டாலர் ரோடு பாண்டு வாங்கினார். டெண்டரில் யார் குறைவோ அவருக்கே கான்ட்ராக்ட் என்றார். பெண்டர்காஸ்டின் கான்ட்ராக்டர்களுக்கு மயக்கம் வந்தது. நான்கு லட்சம் டாலர் வேலை ஒன்று எங்கேயோ தெற்கு டகோட்டாக் கம்பெனிக்குப் போனது. பாஸ் முன்னால் பஞ்சாயத்து வைத்தார்கள். ட்ரூமன் மசியவில்லை. மிஸௌரியிலேயே இவனைப் போல் வீம்பு பிடித்தவன் கிடையாது, நான்தான் அப்போதே சொன்னேனே என்று பாஸ் கான்ட்ராக்டர்களை அனுப்பிவிட்டார். க்ராண்ட்வியூவில் ட்ரூமனின் அம்மா நிலத்தை வெட்டிக்கொண்டு ரோடு போனது. நான் ஜட்ஜாக இருக்கும்போது என் அம்மாவுக்கு நஷ்டஈடா என்று பைசா வாங்க விடவில்லை. நேர்மை என்றால் முதலில் அடி வாங்குவது சொந்தக்காரர்கள்தான்.

வீம்பு ரோட்டோடு நிற்கவில்லை. புது நீதிமன்றக் கட்டடம் எப்படி இருக்கவேண்டும் என்று பார்க்கச் சொந்தக் காரில் ஆயிரக்கணக்கான மைல் சுற்றினார். வாசலில் குதிரைமேல் ஆண்ட்ரூ ஜாக்ஸன் சிலை வேண்டும் என்றார். அளவு சரியாக இருக்கவேண்டுமே என்று டென்னஸியில் ஜாக்ஸனின் வீட்டுக்கே போய், காலமானவரின் உடுப்புகளை அளந்து வந்தார். துணிக்கடை போனாலும் டேப் மட்டும் கையை விட்டுப் போகவில்லை.

மற்ற இரண்டு ஜட்ஜுகள் என்ன செய்துகொண்டிருந்தார்கள்? அவர் கோர்ட் நடத்தும்போது மேஜைக்குப் பின்னால் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். இது ட்ரூமனே எழுதி வைத்தது. வேலை கேட்டு மொய்க்கும் கட்சிக்காரர்களுக்குத் தப்பி, பிக்விக் ஹோட்டலில் ஒளிந்துகொண்டு ராத்திரிகளில் பக்கம் பக்கமாகப் புலம்பல் எழுதுவார். அதில் ஒரு கணக்கு வருகிறது. பாண்டுப் பணத்தில் பத்து லட்சம், அதற்கு மேலும்கூடத் திருட்டுப் போகாமல் காப்பாற்ற, பாஸின் நண்பன் ஒருவன் கவுண்டிப் பணத்தில் சுமார் 10,000 டாலர் அடிப்பதைக் கண்டும் காணாமல் விட்டிருக்கிறார். நான் செய்தது சரியா, நானும் ஒரு திருடன்தானா என்று தன்னையே கேட்கிறார். அந்தக் காகிதத்தில் பதில் இல்லை. என்னைக் கேட்டால், பத்து வருஷத்தில் அந்த ஜட்ஜ் முன்னால் வந்த ஒரே கேஸ் இதுதான். தீர்ப்பைத் தேதி குறிப்பிடாமல் ஒத்திவைத்துவிட்டார்.

1934-இல் வேறு சிலர் மாட்டேன் என்ற பிறகு, பெண்டர்காஸ்ட் அவரை செனட்டுக்கு அனுப்பினார். 1939-இல் பெண்டர்காஸ்ட் வருமான வரி ஏய்ப்புக்காக ஜெயிலுக்குப் போனார். 1945 ஜனவரியில் அவர் இறந்தபோது, துணை ஜனாதிபதி ட்ரூமன் ராணுவ விமானத்தில் ஊருக்குப் பறந்துபோய் இறுதிச் சடங்கில் நின்றார். வாஷிங்டனே முகம் சுளித்தது. எல்லாம் கணக்குப் பார்க்கிற ஜாதி அல்ல மனுஷன்.

ஜனாதிபதி ஆனதும் உச்ச நீதிமன்றத்துக்கு நான்கு நீதிபதிகளை நியமித்தார். 1952-இல் ஸ்டீல் ஆலைகளை அரசு கைப்பற்ற உத்தரவு போட, செல்லாது என்று 6-3 கணக்கில் தீர்ப்பு வந்தது. அந்த ஆறு பேரில் இரண்டு பேர் இவரே நாற்காலி போட்டு உட்கார வைத்தவர்கள். பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய ஹ்யூகோ ப்ளாக், வாலிபத்தில் பர்மிங்ஹாம் போலீஸ் கோர்ட்டில் நிஜமாகவே கேஸ் பார்த்த ஜட்ஜ். ஜனாதிபதியின் சூட்டைத் தணிக்கலாம் என்று அவரையும் சக நீதிபதிகளையும் தன் வீட்டு விருந்துக்குக் கூப்பிட்டார். ட்ரூமன் வந்தார், விறைப்பாக உட்கார்ந்திருந்தார். இரண்டு ரவுண்டு போனது. "ஹ்யூகோ, உங்கள் சட்டம் எனக்கு அவ்வளவாகப் பிடிக்கவில்லை. ஆனால் உங்கள் பூர்பன் விஸ்கி இருக்கிறதே, பிரமாதம்!" என்றாராம்.